நூல் பிடிக்க ஒரு இடம்

"எங்கங்க நூல் புடிக்கிறது?" என்று கொத்தனார் கேட்டார்.

தை மாதத்துக் காலை வெயில். அவர் கையில் நூல்கண்டு, கக்கத்தில் முளைக்குச்சிகள். பின்னால் என் நிலத்துச் சரிவில் செங்கல்லும் மணலும் இறங்கியிருந்தன. பக்கத்தில் நீல நிற டைல்ஸ் பெட்டிகள். அதைத் தேர்ந்தெடுத்தது திருச்சியில் இருக்கும் என் மகள் தேன்மொழி. அப்பாவுக்கு நீலம் பிடிக்கும் என்றாள். எனக்குத் தெரிந்து அந்த மனிதருக்கு எந்த நிறமும் பிடித்ததில்லை. வேட்டி வெள்ளையாக இருந்தால் சரி, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் இறந்து அந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவரை எங்கள் சொந்த நிலத்திலேயே புதைத்திருந்தோம். வருஷ தெவசத்துக்குள் அந்த இடத்தில் சமாதி கட்டி முடித்துவிட வேண்டும் என்பது மகளின் ஏற்பாடு. அதற்காகத்தான் கொத்தனார் வந்திருந்தார்.

அவர் கேட்ட கேள்விக்கு நான் கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினேன். அதே நேரத்தில் தேன்மொழியும் கையை நீட்டினாள். அவள் காட்டிய இடம் வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு டிராக்டர் தாராளமாகப் போகலாம்.

கொத்தனார் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "தெக்க தலை, வடக்க காலு. அது எனக்குத் தெரியும்ங்க. ஆளு எங்கன்னு நீங்க சொன்னாத்தான நூல் புடிக்கலாம்?"

ஆள் எங்கே? அதுதானே எனக்கும் தெரியவில்லை!

கட்டின பெண்டாட்டிக்குப் புருஷனைப் புதைத்த இடம் தெரியாதா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. சென்ற வாரம் இந்தப் பத்தியில் சத்துணவுக் கூடத்து முட்டையைப் பற்றி எழுதியதற்கே ஒரு வாசகி போன் போட்டு, அமைப்பாளராக இருந்துகொண்டு இது தெரியாதா என்று என்னைக் கடிந்துகொண்டார். இந்த வாரம் என்ன சொல்லப்போகிறாரோ. சொல்லட்டும். நடந்ததை நடந்தபடிதான் எழுத முடியும்.

ஓடுகிற தண்ணீர்

நான் பிறந்தது அரியலூர் பக்கம். சமதரை, கரிசல். அங்கே மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். செருப்பில் மண் ஒட்டிக்கொண்டு காலைத் தூக்க முடியாது. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த முதல் மழையில், தண்ணீர் ஓடுவதைப் பார்த்து மலைத்துப் போனேன்.

செட்டிகுளத்துக்குச் சற்றுத் தள்ளி எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே ஒரு கரடு. பாறையும் முள்ளுமாக இருக்கும் சின்னக் குன்றைத்தான் கரடு என்போம். அதன் சரிவில்தான் எங்கள் காடு. காடு என்றதும் புலி, கரடி என்று நினைக்க வேண்டாம். மழையை நம்பி விதைக்கிற நிலத்துக்கு இங்கே அதுதான் பெயர்.

என் மாமனார் இருந்தவரை அது ஒரே காடு. அவர் போன பிறகு சரிவில் மேல்பாதி என் வீட்டுக்காரருக்கு, கீழ்பாதி அவர் தம்பி ராமலிங்கத்துக்கு என்று பிரித்தார்கள். மேலே செம்மண், கீழே கறுப்பு மண். மேலே இருந்தவருக்குக் கீழ்க்காட்டில் ஈரம் நிற்கிறதே என்று ஏக்கம். கீழே இருந்தவருக்கு மேல்காட்டில் வெங்காயம் அழுகாமல் நிற்கிறதே என்று வயிற்றெரிச்சல். நடுவில் ஒரு வரப்பு.

அந்த வரப்பைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அதன் மேல் இரண்டு பேர் தோள் இடிக்காமல் சேர்ந்து நடக்கலாம். கஞ்சித் தூக்கைத் தலையில் வைத்துக்கொண்டு கீழே பார்க்காமல் நான் நடந்திருக்கிறேன். கடைசியில் அதில் காக்கா உட்காருவதாக இருந்தாலும் யோசித்துத்தான் உட்கார வேண்டும்.

யாரும் வரப்பைத் திருடவில்லை. புல் செதுக்கினார்கள், அவ்வளவுதான். விதைப்புக்கு முன்னால் வரப்பில் முளைத்த புல்லை மம்பட்டியால் செதுக்குவது எல்லாரும் செய்கிற வேலை. என் வீட்டுக்காரர் மேல்பக்கம் செதுக்கும்போது புல்லோடு கொஞ்சம் மண்ணும் வரும். தம்பி கீழ்ப்பக்கம் செதுக்கும்போதும் கொஞ்சம் மண் வரும். வருஷா வருஷம் கொஞ்சம். இவர் செதுக்கியது இவர் கண்ணுக்குத் தெரியாது. அவர் செதுக்கியது மட்டும் நன்றாகத் தெரியும். ஒரு வருஷம் அது வாய்ச்சண்டையாகி, மம்பட்டியை ஓங்குகிற வரைக்கும் போய், அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அவர்கள் பேசவில்லை என்றால் நானும் பேசக்கூடாது. அது எழுதாத சட்டம். மாரியம்மன் கோயிலில் ராமலிங்கத்தின் பெண்டாட்டி, என் ஓரகத்தி, எதிரே வந்தால் இருவரும் அம்மனையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

போதாக்குறைக்கு டிராக்டர் வந்தது. சரிவுக்குக் குறுக்கே உழுதால் மண் தங்கும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் குறுக்கே ஓட்டினால் வண்டி சாய்கிறது, திருப்ப இடமில்லை என்று டிராக்டர்காரர்கள் மேலிருந்து கீழாக நேரே ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நாங்களும் வேலை முடிந்தால் சரி என்று விட்டுவிட்டோம். ஒவ்வொரு உழவுச் சாலும் தண்ணீருக்கு நாங்களே வெட்டிக் கொடுத்த வாய்க்கால்.

கடைசியாகச் சொன்னது

பெரம்பலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது என் வீட்டுக்காரர் ஒருநாள் என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். மகளைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் ஆசைப்பட்டு, என்னைப் பற்றி ஏதாவது சொல்வார் என்றும் நினைத்தேன்.

"என்னைய வரப்போரமா வையுங்க," என்றார். "நான் அங்க கெடந்தாத்தான் அவன் மம்பட்டியப் போடமாட்டான்."

இத்தனை வருஷம் சோறாக்கிப் போட்டவளிடம் சொல்ல வேறு பேச்சே இல்லையா? எனக்கு வந்த கோபத்தில் சாத்துக்குடி உரிப்பதைப் பாதியில் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன். அங்கே நின்று அழுதேன். கோபத்தில் அழுதேனா, வேறு எதற்கா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

சொன்னபடியே வரப்போரமாகத்தான் வைத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பதால் நான் போகவில்லை. ஜேசிபி வைத்துக் குழி எடுத்தார்களாம். சுக்கான் பாறை தட்டியதால் நினைத்த ஆழம் போகவில்லை என்று பிறகு காதில் விழுந்தது. ராமலிங்கம் எங்கள் வீட்டுக்கு வந்து பந்தலின் ஓரத்தில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். காட்டில் மட்டும் வரப்புக்கு அந்தப் பக்கம், தன் நிலத்தில் நின்றுகொண்டாராம்.

அன்று எடுத்த போட்டோக்கள் மகளின் போனில் நிறைய இருக்கின்றன. கொத்தனார் வந்த அன்று அதையும் பெரிதாக்கிப் பார்த்தோம். மாலை தெரிகிறது, பங்காளிகளின் முதுகு தெரிகிறது, ஒருவர் அந்த நேரத்திலும் தலை வாரியிருப்பது தெரிகிறது. இடம் மட்டும் எதிலும் தெரியவில்லை.

பிறகு நான் ஒவ்வொரு அமாவாசைக்கும் போனேன். ஒரு மண்மேடு, நாய் கிளறாமல் இருக்க மேலே முள், தலைமாட்டில் மூன்று கல். எனக்கு அடையாளம் வரப்புதான். கிழக்கே இருந்து வரப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தால், அது லேசாக வளைகிற இடத்தில் அவர் இருப்பார். கண்ணை மூடிக்கொண்டுகூடப் போய்விடுவேன்.

கார்த்திகையில்

ஐப்பசியில் பெய்த மழையிலேயே நிலம் வயிறு முட்டக் குடித்து முடித்திருந்தது. கார்த்திகையில் பிடித்த அடைமழைக்கு அதனால் இடம் கொடுக்க முடியவில்லை. வெங்காயத்தாள் முழங்காலுக்குக் கீழே பச்சைப்பசேலென்று நின்ற சமயம். கரட்டிலிருந்து தண்ணீர் டீ நிறத்தில் இறங்கியது.

அன்று மத்தியானம் உரச்சாக்குகளில் மண்ணை நிரப்பி இழுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். மழைக்கோட்டு என்று தேன்மொழி வாங்கிக் கொடுத்த ஒன்றைப் போட்டிருந்தேன். உள்ளே வியர்வை, வெளியே மழை. எதற்கு அதைப் போட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தண்ணீர் வரப்பில் முட்டி என் காட்டிலேயே நின்றது. வெங்காயம் மூழ்கிக்கொண்டிருந்தது. வடிந்தால் போதும் என்று வரப்பின் ஒரு மூலையில் மம்பட்டியால் வாய் வெட்டிவிட்டேன். வெட்டி நிமிர்ந்தால், கீழே ராமலிங்கம் சாக்கோடு ஓடி வந்து அதே வாயை அடைக்கிறார். நியாயம்தான், அவர் வெங்காயமும் அங்கே நிற்கிறது. நான் இன்னொரு இடத்தில் வெட்டினேன். அவர் அங்கேயும் வந்து அடைத்தார். நான் வெட்ட, அவர் அடைக்க, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்த வரப்பு நெடுகப் போனோம். நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று அவர் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

வரப்பு எங்கே உடைந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஓர் இடத்தில் உடையவில்லை. முழுசாகப் போயிற்று. எங்களுக்கு நடுவில் இருந்தது இல்லாமல் போனது, அவ்வளவுதான். என் செம்மண், வெங்காயம், கல், முள் எல்லாம் கலந்து அவர் காட்டுக்குள் இறங்கியது. நனைந்த மண்ணும் அறுபட்ட வெங்காயத்தாளுமாக அப்படி ஒரு நெடி. ராமலிங்கத்தின் வாய் அசைந்தது. மழை இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்கு ஒரே நினைப்பு, என் வீட்டுக்காரர் அங்கே படுத்திருக்கிறாரே என்பதுதான்.

மழை விட்டபின் போய்ப் பார்த்தால் மண்மேடு இல்லை. முள் இல்லை. வரப்பே இல்லாதபோது அதன் வளைவு எங்கே இருக்கும்? மேல்காட்டில் ஓர் இடத்தில் சுக்கான் பாறை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. இன்னோர் இடத்தில் இடுப்பளவு பள்ளம். அவர் தலைமாட்டுக் கல் ஒன்று ராமலிங்கத்தின் காட்டில் கிடந்தது. அதுதானா என்றும் உறுதியில்லை. எல்லாக் கல்லும் கல்லாகத்தான் இருக்கிறது.

ஆள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். புதைத்த உடம்பு எங்கேயும் போகாது என்றார் ஒருவர். குழி ஆழமில்லையே, மண்ணோடு போயிருக்கலாம் என்றார் இன்னொருவர். தோண்டிப் பார்த்துவிடலாமே என்று ஒரு பங்காளி சொன்னார். அவருக்கு நான் கொடுத்த பதிலில் மனிதர் பிறகு எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. ஆள் விட்டுப் பள்ளத்தில் கல் அடுக்கினேன். குறுக்கே சாக்குகளைப் போட்டேன். மண்ணைப் பிடிக்கும் என்றார்கள் என்று கற்றாழை கொண்டுவந்து வரிசையாக நட்டேன். டிராக்டர்காரரைக் கூப்பிட்டு, இனிமேல் குறுக்கே உழுவதாக இருந்தால் வா, இல்லாவிட்டால் வராதே என்று சொல்லிவிட்டேன். நிலத்துக்குச் செய்ய வேண்டியது எனக்குத் தெரிந்தது. அவருக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. மார்கழி அமாவாசைக்குச் சொம்பில் பாலோடு போய், எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் அப்படியே திரும்பக் கொண்டுவந்து, காபி போட்டுக் குடித்தேன்.

செம்மண் திட்டு

ராமலிங்கத்தின் கறுப்புக் காட்டில் என் செம்மண் ஒரு பெரிய திட்டாகப் படிந்திருந்தது. மிச்சக் காட்டில் தப்பிய வெங்காயத்தை அவர் பிடுங்கினார். மாசியில் எள் விதைப்பதற்காகத் தையிலேயே உழுதும் போட்டார். திட்டில் மட்டும் கை வைக்கவில்லை. அங்கே கோரையும் அருகும் முழங்கால் உயரத்துக்கு ஏறிவிட்டது. அவருக்கு இருப்பதே கொஞ்சம் நிலம். அதில் நல்ல பாகம் அது.

எனக்குச் சந்தேகம். இதை அப்படியே வைத்திருந்து, பார், உன் மண் வந்து என் வெள்ளாமையை மூடியது என்று நாலு பேரைக் கூட்டிக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்து ஆட்களை எனக்குத் தெரியாதா?

கொத்தனார் நூலும் கையுமாக நின்ற அன்று, தேன்மொழி மெதுவாக, ஏதாவது ஓர் இடத்தில் கட்டிவிடலாம் அம்மா என்றாள். யாருமில்லாத இடத்துக்கு நீல டைல்ஸா? என் கோபம் யார் மேல் என்றே தெரியாமல் கிளம்பியது. திரும்பினால் அந்தத் திட்டு கண்ணில் பட்டது. ராமலிங்கமும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். விறுவிறுவென்று கீழே இறங்கினேன்.

பல வருஷங்களுக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு சண்டைப் பேச்சுதான். "எல்லாத்தயும் உழுதுட்டு இத மட்டும் ஏன் தம்பி வுட்டு வச்சிருக்கீங்க? பஞ்சாயத்துக்குக் காட்டவா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. திட்டைப் பார்த்தார்.

"அண்ணன் மேல இருக்காரா, இங்க வந்துட்டாரான்னு தெரியல அண்ணி," என்றார். "எப்புடி ஏரு ஓட்டுறது?"

மம்பட்டியை ஓங்கிக்கொண்டு நின்ற மனிதர் இவர். அண்ணன் மேல் கலப்பை பட்டுவிடுமோ என்று நல்ல நிலத்தைப் புல்லுக்கு விட்டுவிட்டு நிற்கிறார். நான் என்னவெல்லாம் நினைத்தேன்! முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

என்ன சொல்வது? எனக்கும் தெரியாது என்றால் இந்த மனிதர் இருக்கிறவரை இந்த இடத்தில் ஏர் போடமாட்டார். அவர் பிள்ளைகளையும் போடவிடமாட்டார். மேலே கொத்தனார் காத்திருக்கிறார். யாராவது ஒருவர் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அவரு மேலதான் இருக்காரு தம்பி," என்றேன். "அன்னைக்கே நான் பாத்தேன். கல்லும் முள்ளுந்தான் உருண்டு வந்துச்சு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு சரிங்க அண்ணி என்றார்.

மேலே ஏறிப் போய், மகள் காட்டிய இடத்துக்கும் நான் காட்டிய இடத்துக்கும் நடுவில் நின்றேன். இங்கே பிடியுங்கள் என்றேன். இவ்வளவு நேரம் தெரியாதது கீழே போய் வந்ததும் எப்படித் தெரிந்தது என்று கொத்தனார் கேட்கவில்லை. தேன்மொழி கேட்க வாயெடுத்தாள். நான் பார்த்த பார்வையில் பேசாமல் போய்த் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டாள்.

தெவசத்தன்று

நீல டைல்ஸ் வெயிலில் பளபளவென்று இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ராமலிங்கம் வெள்ளை வேட்டியோடு மேலே ஏறி வந்தார். என் ஓரகத்தியும் வந்தாள். கீழ்க்காட்டில் திட்டு இருந்த இடமும் உழுதாகிவிட்டது. சிவப்பும் கறுப்புமாக மண் புரண்டு கிடந்தது. அவர் என் பேச்சை நம்பிவிட்டார் என்று எனக்கு நிம்மதி. நம்பிவிட்டாரே என்று ஒரு பயமும் கூடவே இருந்தது.

படையல் போட்டு, ஒவ்வொருவராகப் பால் ஊற்றிக் கும்பிட்டோம். தேன்மொழி தேம்பினாள். நானும் ஊற்றினேன். கை ஊற்றியதே தவிர மனசு அங்கே நிற்கவில்லை. இவர் இங்கே இல்லாவிட்டால்? ஊரே கூடி நின்று டைல்ஸுக்குப் பால் ஊற்றுகிறோமே என்று இருந்தது.

எல்லாரும் சாப்பிட ஊருக்குள் போனார்கள். பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று நான் பின்தங்கினேன். சொம்பின் அடியில் கொஞ்சம் பால் வைத்திருந்தேன். ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டு, கற்றாழை வரிசையைத் தாண்டிக் கீழ்க்காட்டில் இறங்கினேன். உழுத மண் கால் புதையப் பொதபொதவென்று இருந்தது. திட்டு இருந்த இடம் எது என்று நிறத்தை வைத்துத் தேடிப் போனேன்.

அங்கே ஒரு சாலில் மண் ஈரமாக இருந்தது. குனிந்து பார்த்தேன். ஓரமெல்லாம் வெள்ளையாகப் பால் கோடிட்டிருந்தது. எறும்பு வரத் தொடங்கியிருந்தது.

நிமிர்ந்தேன். அடுத்த காட்டுக்காரரின் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் ராமலிங்கம் குத்துக்காலிட்டு ஒரு சொம்பைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். சொம்பை மறைக்கப் பார்த்து, மறைக்க இடமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கும் இருக்கட்டுமேன்னுதான் அண்ணி," என்றார்.

நான் என் கையில் இருந்ததை மறைக்கவில்லை. அந்த ஈரத்துக்குப் பக்கத்திலேயே மிச்சப் பாலையும் ஊற்றினேன்.